முகத்துக்கு ரத்தம் வரும்வரை

மிளகாய்க்குக் காலையில் ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது அண்ணனின் கம்ப்யூட்டர் திரை. பட்டதும் முதலில் வருவது எரிச்சல். திரையில் முந்தின நாள் படம் எடுத்துக்கொண்டவர்களின் முகங்கள் வரிசையாக இருக்கும். கொத்தனார், அவர் மனைவி, வங்கியில் வேலை பார்க்கும் பெண், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டிரைவர், யாராக இருந்தால் என்ன, அண்ணன் கை பட்டதும் எல்லோரும் ஒரே மாவில் பிசைந்து வைத்தவர்களாகிவிடுவார்கள். கன்னத்துத் தழும்பு போய்விடும். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் போய்விடும். மூக்கோரத்து எண்ணெய்ப் பளபளப்பு போய்விடும். கடைசியில் அந்த ஆளே போய்விடுவார்.

"இந்தம்மா யாரு?" என்று அன்றைக்கும் கேட்டாள்.

"நேத்து உனக்கு எதிர்லதானே உக்காந்திருந்தாங்க? மீன் கடைக்காரம்மா."

"அவங்களா இது? இந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போனா அவங்க வளக்குற நாயே குரைக்கும்."

அண்ணன் மௌஸை விடாமல் சிரித்தான். "கேக்குறாங்க, குடுக்குறேன். நீ போய் உன் இருட்டறைல உக்காரு."

மிளகாய் என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். மூன்று பேரில் கடைக்குட்டி. தவழும் வயதிலேயே யாராவது பொம்மையைப் பிடுங்கினால் கடித்து வைப்பாளாம். பெயர் ஒட்டிக்கொண்டது. நாற்பதைத் தாண்டியும் காரம் குறையவில்லை. அண்ணனிடம் கோபம், அண்ணனின் குடை லைட்டுகளிடம் கோபம், "கொஞ்சம் சிரிங்க, தாடைய இறக்குங்க" என்று நாள் முழுக்க அவன் சொல்லும் அந்தப் பாட்டிடம் கோபம். உலகத்தில் அவள் கோபித்துக்கொள்ளாத ஒரே ஆள் அக்கா. அக்காவிடம் கோபப்பட்டால் அந்தக் கோபத்துக்கு விழ இடம் கிடைக்காது. எல்லாவற்றையும் சிரித்தே வாங்கிக்கொள்வாள்.

ஸ்டுடியோவின் முன்கூடம் அண்ணனுடையது. பின்னால் ஒடுக்கமான அறை ஒன்று. பழைய ஸ்டாண்டுகளும் உடைந்த நாற்காலிகளும் போட்டு வைத்திருந்த இடம். அதற்கு ஒரே ஒரு ஜன்னல், ஆள் உயரத்துக்கு. வெளியே சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் பூசாத சிமென்ட் சுவர். வெயில் அந்தச் சுவரில் பட்டு, சூடெல்லாம் தணிந்துதான் அறைக்குள் வரும். மிளகாய் வெளியூரிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்தபோது அண்ணன் இந்த அறையைத்தான் கொடுத்தான். "வேணும்னா வச்சுக்கோ" என்றான், தெருநாய்க்குச் சாக்கு போடுவதுபோல. அவள் உடைந்த நாற்காலிகளை வெளியே எறிந்தாள், ஒன்றை மட்டும் ஆணி அடித்து வைத்துக்கொண்டாள், சுவரில் வடிகட்டின சாம்பல் நிறம் அடித்தாள். ஃப்ளாஷை அலமாரிக்குள் போட்டுப் பூட்டினாள்.

அப்போதும் அவள் படங்கள் ஒன்றும் பெரிதாக இல்லை. டச்சப் இல்லாத, வெறும் ஜன்னல் வெளிச்சத்துப் படங்கள். அண்ணன் மாதிரி எடுக்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது, எந்த மாதிரி எடுக்க வேண்டும் என்பது தெரியவில்லை. வெறும் பிடிவாதத்துக்குப் பெயர் பாணி ஆகாது என்று அவளுக்கே உறைத்தது. அது வேறு கோபம்.

வழி காட்டியவர் ஒரு பில்டிங் காண்ட்ராக்டர். காட்ட வேண்டும் என்று அவர் வரவில்லை. அண்ணன் ஊரில் இல்லாத அன்று ஆபீஸ் சுவரில் மாட்டப் படம் எடுக்க வந்தார். இரண்டு படம் எடுத்ததும் எழுந்து வந்து கேமராவின் பின்திரையைப் பார்த்தார்.

"என்னம்மா இது, இவ்வளவு கருப்பா எடுத்திருக்க? படம் எடுக்கத் தெரியுமா தெரியாதா?"

"இருக்கிறதத்தான் எடுக்க முடியும். இல்லாதத எடுக்க எங்கண்ணன் வரணும்."

அவ்வளவுதான். மனிதர் நாற்காலியின் கையைக் குத்தினார், நீ யாரு தெரியுமா நான் யாரு தெரியுமா என்று ஆரம்பித்தார். பாதி எழுந்து விரலை நீட்டினார். மிளகாயிடம் அந்த நேரத்தில் எறிய கல் இல்லை. கையில் கேமராதான் இருந்தது. கல்லை எறிவது போலவே அமுக்கினாள்.

அவர் போன பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கருத்த முகம் சிவக்காது என்று சொல்கிறார்களே, சுத்தப் பொய். காது மடல் இரண்டும் தேய்த்த செம்பு போல இருந்தன. கழுத்தில் நாவல் பழத்தின் நிறம். கன்னத்து எலும்பின் மேலே, தோலுக்கு அடியில், யாரோ அடுப்பைப் பற்ற வைத்த மாதிரி ஒரு சூடு. பின்னாலிருந்த சாம்பல் சுவர் அந்தச் சூட்டை முன்னால் தள்ளிவிட்டது. அண்ணன் வருஷக்கணக்காக முகத்துக்கு மேலே பூசிக்கொண்டிருந்த நிறம் ஒன்றும் நிறமே இல்லை. நிறம் உள்ளே இருந்தது. ரத்தம் அதை ஏற்றிக்கொண்டு வர வேண்டும், ரத்தத்தை யாராவது கிளப்பிவிட வேண்டும்.

காண்ட்ராக்டர் மறுநாள் சண்டையை முடிக்க வந்தவர், பிரிண்டைப் பார்த்ததும் குரலை இறக்கிவிட்டார். "எங்கப்பா மாதிரி இருக்கேன்மா" என்றார். பெரிய சைஸில் போட்டு வாங்கிப் போனார்.

அதற்குப் பிறகு மிளகாய்க்கு ஒரு முறை வந்துவிட்டது. ஆள் வந்து உட்கார்ந்ததும் கேமராவைத் தொடமாட்டாள். முதலில் காது மடலைப் பார்ப்பாள். அது எந்த நிறத்துக்குப் போகும் என்று கணித்து, அதற்கு எதிரான நிறத்தில் பின்னால் துணி கட்டுவாள். செம்பாகும் காதுக்குப் பாசிப்பச்சை. ரோஜாவாகும் காதுக்கு மங்கின நீலம். பிறகுதான் வாயைத் திறப்பாள். தையல்காரர் வந்தால் "உங்க சட்டைலயே தோள் கோணலா இருக்கே, அளவெடுக்க ஆள் இல்லையா?" என்பாள். வக்கீல் வந்தால், "நீங்க ஜெயிச்ச கேஸ் ஏதாவது ஞாபகம் இருக்கா சார்?" கத்தும்போது எடுக்கமாட்டாள். கத்தி முடித்து, வாய் மூடி, ரத்தம் இன்னும் இறங்காமல் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளி இருக்கிறதே, அதில்தான் விரல் அமுங்கும். எடுத்ததும், "சும்மா சொன்னேங்க, படத்துக்காகத்தான்" என்று டீ வாங்கிக் கொடுப்பாள். முக்கால்வாசிப் பேர் சிரித்துவிடுவார்கள். அப்புறம் டச்சப் என்ற பேச்சே கிடையாது. எடுத்தது எடுத்ததுதான்.

பேர் பரவியது. திட்டு வாங்கிப் படம் எடுத்துக்கொள்ள ஆட்கள் வரிசையில் வந்தார்கள். மனிதர்களுக்கு எதில்தான் ஆசை வராது! ஆனால் பேர் பரவினால் வரும் தொல்லையும் கூடவே வந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்திருந்தது. "எங்க, என்னக் கோபப்படுத்து பாக்கலாம்" என்று ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தையல், இஸ்திரி, தொப்பை என்ற சில்லறைக் குத்தல் எதுவும் அவரிடம் செல்லவில்லை. மிளகாய் கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "உங்ககிட்ட படிச்ச பசங்க யாராவது உங்களத் தேடி வந்திருக்காங்களா டீச்சர்?"

காது உடனே செம்பானது. படம் பிரமாதமாக வந்தது. டீச்சர் டீ குடிக்காமல் போய்விட்டார். பிரிண்டை வாங்கவும் வரவில்லை.

அன்றிலிருந்து எங்கே தொட்டால் வலிக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிப்பது மிளகாயின் தொழிலாகிவிட்டது. மோதிரம் இல்லாத விரலின் தடம், மகன் பேச்சு வந்தால் சற்றே தாழும் இமை, பையை மடியில் வைத்துக்கொள்ளும் விதம், இது போதும் அவளுக்கு. பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். அதில் அவளுக்குக் கர்வம்கூட இருந்தது. ஒருவர் அழுதுவிட்டார். அந்தப் படத்தை அழித்துவிட்டாள், இரக்கப்பட்டு அல்ல. அழுதால் முகம் நனைந்து நிறம் கலங்கிவிடுகிறது.

அண்ணன் ஒரு நாள் பின்னறை வாசலில் வந்து நின்றான். "டீச்சரம்மா வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டுட்டுப் போறாரு. நான் முகத்து மேலதான் பூசுறேன். நீ உள்ள கைய விட்டுக் கிளறுற."

"உனக்கு வயித்தெரிச்சல்."

"இருந்துட்டுப் போகட்டும். ஒரு நாள் யாராவது உன்ன அடிக்கப் போறாங்க."

"அடிச்சா அதையும் எடுப்பேன்" என்று கதவைச் சாத்தினாள். அவன் சொன்னது தப்பு என்று அவளால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாததற்கும் சேர்த்துக் கதவு சாத்தப்பட்டது.

பிறகுதான் அந்தக் கண்ணாடிக்காரம்மா வந்தார். ஓவியங்களும் படங்களும் வைக்கும் கூடம் ஒன்றை நடத்துகிறவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகத்தான் எதையும் பார்ப்பார். மிளகாயின் படங்களைத் தன் கூடத்தில் ஒரு மாதம் மாட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். மிளகாயின் வாழ்க்கையில் முதல் கண்காட்சி. பிரிண்டுகளைத் தரையில் பரப்பி வைத்தாள். கண்ணாடிக்காரம்மா அவற்றின் நடுவே செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்.

"நல்லாருக்கு. ஒவ்வொண்ணா பாத்தா நல்லாருக்கு. மொத்தமா பாத்தா ஒண்ணு தோணுது, சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"உங்கண்ணன் எல்லாருக்கும் வெள்ளையடிக்கிறாருன்னு திட்டுறீங்க. நீங்க எல்லாருக்கும் செம்பு பூசிட்டீங்க. இது அவங்க கோபமா, உங்க கோபமா? எனக்குத் தெரியல." கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். "நடுச்சுவருக்கு ஒரு பெரிய படம் வேணும். இந்த அச்சுல வராத முகமா இருக்கணும். அது கிடைக்கலன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாமே."

அச்சாம்! மிளகாய்க்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று மாலை முழுக்கப் பிரிண்டுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அந்தப் பெண்மணி சொன்னது சரி என்று பட்டது, எரிச்சல் இன்னும் கூடியது. யாரைக் கூப்பிடுவது? தெருவில் போகிற எவரையும் கோபப்படுத்திவிடலாம், அதுவும் அதே அச்சில்தான் வந்து விழும். கோபமே வராத ஆள் வேண்டும். கோபமே வராத ஒருத்தி கோபப்பட்டால் அந்த நிறம் எப்படி இருக்கும்? அதை இதுவரை யாரும் பார்த்ததில்லை. அக்காவுக்குப் போன் செய்தாள்.

அக்காவுக்குத் தபால் நிலைய கவுன்டரில் வேலை. அம்மா படுக்கையில் விழுந்து, நினைவு தப்பி, கடைசியில் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டவள் அவள்தான். அண்ணன் ஸ்டுடியோ ஸ்டுடியோ என்று ஓடினான். மிளகாய் வெளியூரில் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டு, கிடைத்த லீவில் வந்து தலை காட்டிவிட்டுப் போவாள். கடைசி மாதம் அதுவும் இல்லை. அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. ஒரு நாள்கூட அக்கா அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஊரில் எல்லோரும் அக்காவின் பொறுமையைப் பற்றிப் பேசுவார்கள், கேட்டால் அக்கா பேச்சை மாற்றிவிடுவாள்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். கருநீலப் புடவை, கையில் குடை. ஆணி அடித்த நாற்காலியில் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"என்னடி, என்னப் போய் எடுக்குற? வேற ஆளே அகப்படலையா உனக்கு?"

"நீ பேசாம உக்காரு." மிளகாய் அக்காவின் காது மடலைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்தக் காதை அவள் இப்படிப் பார்த்ததே இல்லை. ஓட்டை கொஞ்சம் நீண்டிருந்தது. பின்னால் பாசிப்பச்சைத் துணியைக் கட்டினாள்.

"தலைக்கு டை அடிச்சியா? நெத்தியெல்லாம் அப்பியிருக்கு."

"ஆமாடி, கண்ணாடி இல்லாம அடிச்சேன். கவுன்டர்ல ஒரு ஆளு, மேடம் மை கொட்டிடுச்சான்னு கேக்குறாரு." அக்கா சிரித்தாள்.

"உனக்கப்புறம் வேலைக்குச் சேந்தவங்க எல்லாம் மேல போயிட்டாங்களாமே. நீ இன்னும் ஸ்டாம்ப் கிழிச்சுக்கிட்டு இருக்க."

"அவங்க கெட்டிக்காரங்க. எனக்குக் கம்ப்யூட்டர்னாலே கை நடுங்குது."

"உன்னப் பொண்ணு பாக்க வந்தவங்க எல்லாம் ஏன் ஓடினாங்கன்னு யோசிச்சிருக்கியா?"

"அவங்க எங்கடி ஓடினாங்க? நான்ல ஓடினேன்!" அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்து, பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். "உனக்கு என் கோபம்தானே வேணும்? அதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டப்படுற? இரு, நானே வச்சுக்கிறேன்." புருவத்தை நெரித்து, கன்னத்தை உப்பி, கண்ணை உருட்டினாள். அந்தக் கண்றாவியைப் பார்த்து வேறு ஒரு நாளாக இருந்தால் மிளகாய் தரையில் விழுந்து சிரித்திருப்பாள்.

அன்று சிரிப்பு வரவில்லை. சந்துச் சுவரில் வெயில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஜன்னல் செத்துவிடும். நடுச்சுவர், கண்ணாடிக்காரம்மா, அச்சு, எல்லாம் தலைக்குள் இரைந்தன. இவளுக்கு மட்டும் ஏன் எதுவுமே உறைக்கவில்லை? கல்லா இவள்? இத்தனை நல்லவளாக இருந்து யாருக்கு என்ன நிரூபிக்கிறாள்? வாழ்க்கையில் முதல் முறையாக மிளகாய்க்கு அக்காவின் மேல் கோபம் வந்தது, அதுவும் சுத்தமான கோபம். எங்கே தொட்டால் வலிக்கும் என்று பார்த்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. அங்கேதான், பெருமையாக எல்லோரும் சொல்லும் அதே இடத்தில்தான் இருக்க வேண்டும்.

"அம்மா என்கிட்ட ஒண்ணு சொன்னாங்க, தெரியுமா உனக்கு?"

"என்ன சொன்னா?"

"உன்னப் பாத்தா அவங்களுக்குப் பயமா இருக்குன்னு."

சொல்லி முடித்துக் கேமராவைக் கண்ணில் வைத்துக் காத்திருந்தாள், ரத்தம் வரட்டும் என்று. வரவில்லை. இருந்ததும் போனது. காது மடல் முதலில் சாம்பலானது, பிறகு உதடு, பிறகு கன்னம். வடிகட்டியில் தண்ணீர் இறங்குவது போல நிறம் முகத்திலிருந்து கீழே இறங்கியது. பச்சைத் துணிக்கு முன்னால் அக்காவின் முகம் நிறமே இல்லாமல் நின்றது. இப்படி ஒன்றை மிளகாய் எந்த முகத்திலும் கண்டதில்லை. விரல் அமுக்கிக்கொண்டே இருந்தது. நடுச்சுவர் கிடைத்துவிட்டது என்று மனதுக்குள் யாரோ கத்தினார்கள்.

கேமராவை இறக்கினாள். "சும்மாக்கா. படத்துக்காகத்தான் சொன்னேன்."

"எப்ப சொன்னா?"

"சொல்லவே இல்லக்கா. நானா சொன்னேன். பொய்."

"போன்லயா? போன அவகிட்ட குடுத்துட்டு நான் அடுப்படிக்குப் போவேனே, அப்பவா?"

"அக்கா, நான் இட்டுக்கட்டினேன். அம்மா மேல சத்தியமா."

"அம்மா மேல சத்தியம் பண்ணாத." அக்காவின் குரல் தாழ்ந்துதான் இருந்தது. "கடைசில அவளுக்கு என்னத் தெரியாம போச்சு. உன் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவா, விடிஞ்சா உன் பேரு, பொழுது போனா உன் பேரு. நீ வரல. போன் பண்ணா, சீசன்க்கா, அடுத்த வாரம் வரேன்னு சொன்ன. நான் என்ன பண்றது? நான்தான் நீன்னு சொல்லிட்டு உக்காந்துக்குவேன். நீ பேசுற மாதிரியே பேசுவேன். அவளுக்குச் சந்தோஷம். ஒரு நாள் என் கையப் பிடிச்சு இழுத்து, காதுகிட்ட சொன்னா, 'பெரியவகிட்ட சொல்லிடாத. அவளப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. என்ன உன்கூட கூட்டிட்டுப் போயிடு'ன்னா. உன்கிட்ட சொல்றதா நினைச்சு என்கிட்டயே சொன்னா."

மிளகாய் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அதை நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. நோய் பேசுது, அவ பேசல, அப்படின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். தினமும் சொல்லிக்கிட்டேன். கவுன்டர்ல உக்காந்துகூட சொல்லிக்குவேன். இப்ப உன்கிட்டயும் சொல்லியிருக்கான்னா, கடைசி மாசத்துக்கு முன்னாடி, புத்தி நல்லா இருந்தப்பவே சொல்லியிருக்கா. அப்ப அது நோய் இல்ல."

"அக்கா, கேளு. சத்தியமா எனக்குத் தெரியாது. ஒரு ஊகத்துல சொன்னேன். இதுதான்க்கா என் வேலையே. ஆளப் பாத்ததும் எனக்குத் தோணும், இதச் சொன்னா..."

"தோணுச்சா?" அக்கா நிமிர்ந்தாள். "என்னப் பாத்ததும் உனக்கு அப்படித் தோணுச்சா?"

மிளகாய் இரண்டு பதிலையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். அம்மா சொன்னாள் என்றால் அம்மாவுக்குப் பயம். தானே சொன்னேன் என்றால் தன் கண்ணுக்கே அக்கா அப்படித் தெரிகிறாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே கத்திதான், பிடித்திருப்பது தன் கைதான். தன் வாயைத் தானே கிழித்துப் போடலாம் போல ஆத்திரம் வந்தது. பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும் என்று இறுமாந்தவளுக்கு இப்போது ஒன்றே ஒன்றாவது தப்பாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

"அவளத் தூக்கி உக்கார வைக்கணும்" என்றாள் அக்கா. இப்போது குரல் தாழ்ந்திருக்கவில்லை. "சாப்பிட மாட்டேன்னு வாயை மூடிக்குவா. மருந்தத் துப்புவா. ராத்திரி கதவத் திறந்துட்டு ரோட்டுக்குப் போயிடுவா. அதட்டினேன்டி! ஆமா, அதட்டினேன். கையப் பிடிச்சு இழுத்தேன். கதவப் பூட்டினேன். வேற யாரு இருந்தா? நீ இருந்தியா? அவன் இருந்தானா? நீங்க வந்து பாத்துட்டு, அம்மா எவ்வளவு சுத்தமா இருக்காங்க பாருன்னு சொல்லிட்டுப் போவீங்க. சுத்தம் சும்மா வருமா? அவ அழ அழக் குளிப்பாட்டினேன். பயப்படாம என்ன பண்ணுவா? உன்மேல அவளுக்கு ஏன் பயம் வரல தெரியுமா? நீ அங்க இல்லவே இல்ல!"

எழுந்து நின்றுவிட்டாள். குடை தரையில் விழுந்து உருண்டது. காது இரண்டும் பற்றி எரிந்தன. செம்பு இல்லை அது, அதற்கும் மேலே ஏதோ. கழுத்து நரம்பில், கன்னத்தில், டை அப்பிய நெற்றியில், இத்தனை வருஷமாக எங்கே வைத்திருந்தாளோ அத்தனை ரத்தமும் மேலே ஏறி வந்தது. ஜன்னலின் கடைசி வெளிச்சம் அதில் விழுந்தது. வாய் மூடிக்கொண்டது. ரத்தம் இறங்கவில்லை.

டக்.

மிளகாய் அமுக்கவில்லை. விரல் அமுக்கியது என்றுதான் அவள் பிறகு தனக்குச் சொல்லிக்கொள்வாள். விரல் யாருடையது? அந்தச் சின்ன இடைவெளியைக் கண்டதும் அமுங்கிப் பழகிய விரல், அக்கா என்றா பார்க்கும்?

அறையில் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா கேமராவைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள்.

"வந்துடுச்சா?" என்றாள்.

"இல்லக்கா. வரல."

"காட்டு."

"ஒண்ணும் வரலக்கா, வெளிச்சம் போயிடுச்சு. அழிச்சிடுறேன், இதோ." அழிக்கும் பொத்தானைத் தேடிக் கட்டைவிரல் தடுமாறியது. கண்ணை மூடிக்கொண்டு அமுக்கக்கூடிய அந்தப் பொத்தான் அன்று கைக்கு அகப்படவில்லை. அக்கா அதற்குள் பக்கத்தில் வந்து, கேமராவை அவள் கையோடு சேர்த்துப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். பிடி இரும்பாக இருந்தது. கிழவியைத் தூக்கி உட்கார வைத்த கை.

சின்னத் திரைதான். ஆனாலும் எல்லாம் தெரிந்தது. மிளகாய் இதுவரை எடுத்ததில் இதைத் தொட ஒன்று கிடையாது, அது அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துபோனது, தெரிந்ததற்காகத் தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது. அக்கா படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள். கோபத்தில் தன் முகம் எப்படி இருக்கும் என்று அவளும் அதுவரை கண்டதில்லை. முகத்திலிருந்த சூடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"பாவம், அவ சொன்னது சரிதான்டி" என்றாள். "பயமாத்தான் இருக்கு."

கேமராவைத் தங்கையின் கையில் பத்திரமாகத் திருப்பி வைத்தாள். குனிந்து குடையை எடுத்துக்கொண்டு, அண்ணனின் முன்கூடம் வழியாக வெளியே போனாள்.